அர்த்தம் சார் துக்கம் விசாரித்த கதை

அறுபதுகளில் கடலூரில் கால் தடுக்கி விழுந்த எவனும் சும்மா எழுந்து போனதில்லை. பக்கத்தில் அர்த்தம் சார் நின்றிருந்தால், எதற்காக விழுந்தோம், அதன் மூலம் கர்த்தர் என்ன சொல்ல வருகிறார் என்பதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்ட முடியும்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் டைப்பிஸ்ட். நான் நெல்லிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து போகும் இளநிலைக் குமாஸ்தா. அவருக்கு நல்ல கிறிஸ்தவப் பெயர் ஒன்று உண்டு. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்த்தார். 'இதுல ஒரு அர்த்தம் இருக்குது' என்று ஆரம்பிக்காமல் அவர் எந்தப் பேச்சையும் பேசியதில்லை என்பதால் ஊருக்கு அவர் அர்த்தம் சார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. தனி ஆள். மனைவி பல வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டதாகக் கேள்வி. உலகத்தில் உள்ள அத்தனையும் இடம்பெற்ற அவர் பேச்சில் அந்த அம்மாள் மட்டும் வந்ததே கிடையாது.

"ஏன் சார், எதப் பாத்தாலும் பிரசங்கமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இயேசுநாதர் என்னா தம்பி சொன்னாரு? வெத, வெளக்கு, காணாமப்போன ஆடு. கண்ணெதிர்ல இருந்ததத்தான சொன்னாரு? நம்ம ஊர்ல பொறந்திருந்தா உங்க நெல்லிக்குப்பம் கரும்பு வண்டியச் சொல்லியிருப்பாரு. பாரம் ஏத்துறவன் வேற, இழுக்குற மாடு வேற, வழியில ஒடிச்சித் திங்குறவன் வேறன்னு."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கரும்பு வண்டிகள். ஒன்றிலாவது நிம்மதியாக ஒரு கழி உருவ முடியவில்லை.

எங்கள் சூப்பிரண்டு இதற்கெல்லாம் நேர் எதிர். சிதம்பரத்துக்காரர். நெற்றி நிறைய விபூதியோடு தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார், பேச விடவும் மாட்டார். ஒருநாள் சென்னைக்குப் போகவேண்டிய அவசரக் கடிதம். ரயில் தபாலுக்கு நேரமாகிவிட்டது. அர்த்தம் சார் கார்பன் தாளைப் புரட்டி வைத்து அடித்துவிட்டார். நகல் வெள்ளைவெளேரென்று இருந்தது. அசல் கடிதத்தின் முதுகில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பதிந்திருந்தது.

சூப்பிரண்டின் மூக்கு துடித்தது. "என்னா சார் இது?"

அர்த்தம் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தத்துக்குப் பதில் ஒரு பிரகாசம் வந்தது. "சார், இதுல ஒரு அர்த்தம் இருக்குது. அடுத்தவன் மேல பதியணும்னு நாம ஓங்கி ஓங்கிக் குத்துறோம். ஆனா பாருங்க, அவன் சுத்தமா இருக்கான். அத்தனை குத்தும் நம்ம முதுகுலதான் இருக்குது."

"ஓகோ. திரும்ப அடிங்க."

"அடிக்கிறேன் சார். ஆனா இந்தத் தாளக் கிழிச்சிடாதீங்க. ஞாயித்துக்கெழம சபையில காட்டணும்."

சபையில் மட்டும் வரவேற்பா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் கோயில் போதகரே ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "நான் வாரத்துக்கு ஒரு பிரசங்கம் பண்றேன் தம்பி, அதுக்கே ஜனங்க தூங்குறாங்க. இவரு வாசல்ல செருப்பு விடுற எடத்துலயே ஒண்ண முடிச்சிடுறாரு. செருப்பு பத்தி."

ஆபீஸ் வேலையாக ஒருமுறை நானும் அவரும் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். புதுச்சத்திரம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் குடத்தோடு வாய்க்காலுக்கு ஓடினார். அர்த்தம் சார் எழுந்து நின்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

"இதுல ஒரு அர்த்தம் இருக்குது. இந்த வண்டிக்கு இஞ்சின் நல்லா இருக்குது. டயரு நல்லா இருக்குது. ஆனா உள்ள தண்ணி இல்ல. ஓட்டம் ஜாஸ்தி, ஈரம் கம்மி. ஒவ்வொரு மனுசனும்..."

பின் சீட்டிலிருந்து பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "நீங்க சொல்றது அத்தனையும் நெஜம்தான் ஐயா, ஒத்துக்கறேன். ஆனா மச்சான் வூட்டு விருந்துக்கு தேவனாம்பட்டினத்துல வஞ்சிரம் வாங்கிட்டுப் போறேன். எனக்குப் பொறும இருக்குது, மீனுக்கு இல்ல."

பாய் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்போம். மீன் என்றதும் அர்த்தம் சாரின் கண் விரிந்தது. இயேசுநாதர் முதன்முதலில் கூப்பிட்டுக்கொண்டதே மீன்காரர்களைத்தான் என்று அவர் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே பயணிகள் மொத்தமும் இறங்கிப்போய் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். "இஞ்சின் கொதிக்குதுய்யா, தள்ளி என்னாய்யா பிரயோஜனம்?" என்று டிரைவர் வாய்க்கால் கரையிலிருந்து கத்தினார். ஒருவரும் நிறுத்தவில்லை. பாய்தான் முன்னால் நின்று தள்ளினார்.

முந்திரிக் காலத்தில் பியூனுக்கு யாரோ பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆளுக்கொன்று எடுத்தோம். அர்த்தம் சார் தன் பழத்தைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாப் பழமும் கொட்டைய உள்ள ஒளிச்சி வெச்சிக்கும். இது ஒண்ணுதான் வெளிய தொங்கவிட்டுக்கிட்டு, 'என்கிட்ட இருக்குறது இவ்ளோதான், எடுத்துக்க'ன்னு நிக்குது. மனசுன்னா இப்பிடி இருக்கணும்." தம் அறையிலிருந்து சூப்பிரண்டு குரல் கொடுத்தார்: "அந்தப் பழம் தின்னா தொண்டை கட்டும்னு சொல்வாங்க. இவருக்கு ஏன் கட்டல?"

அந்த சூப்பிரண்டின் மனைவி நோயில் படுத்தார். அவர் நீண்ட லீவில் போனார். பிறகு ஒருநாள் தந்தி வந்தது. அந்த அம்மாள் போய்விட்டார். அவருக்கு ஒரே மகள், வடக்கே கட்டிக்கொடுத்திருந்தது. காரியமெல்லாம் முடிந்து, மகளும் உறவுக்காரர்களும் ஊர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆபீஸே திரண்டு துக்கம் விசாரிக்கக் கிளம்பியது.

எல்லோருக்கும் ஒரே கவலை. அர்த்தம் சாரும் வருகிறார்.

வேண்டாமென்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. ஹெட் கிளார்க் சிதம்பரம் ஸ்டேஷனில் என்னைத் தனியே அழைத்துப் போனார். "நீ அவரு பக்கத்துல உக்காரு. வாயத் தெறந்தா தொடையில கிள்ளு. எழவு வீட்டுல போயி 'இதுல ஒரு அர்த்தம் இருக்குது'ன்னு ஆரம்பிச்சாருன்னா, அந்த மனுசன் நம்ம எல்லாரையும் தொலைச்சிடுவாரு."

கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பாயை விரித்து உட்காரச் சொன்னார் சூப்பிரண்டு. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோ போலிருந்தார். கண்ணில் ஈரமே இல்லை.

பேசாமல் இருப்பது மற்றவர்களுக்குச் சுலபம். எனக்குத்தான் வேலை. சுவரில் கடிகாரம் சாவி கொடுக்காமல் நின்றிருந்தது. அர்த்தம் சார் அதையே பார்த்தார். கிள்ளினேன். கூடத்து ஊஞ்சல் காற்றில் ஆளில்லாமல் லேசாக ஆடியது. அவர் தொண்டையைச் செருமினார். பலமாகக் கிள்ளினேன். அப்புறம் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டிபன் கேரியர் என் கண்ணில் பட்டது. அவர் அதை இன்னும் பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கிள்ளி வைத்தேன்.

சூப்பிரண்டு திடீரென்று அவர் பக்கம் திரும்பினார். "என்னா சார், நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"அவருக்குத் தொண்ட கட்டியிருக்கு சார்" என்றார் ஹெட் கிளார்க் அவசரமாக.

"இல்லையே, நல்லாத்தான் இருக்குது" என்றார் அர்த்தம் சார். பொய் சொல்லத் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு எதையும் சமாளிக்க முடியாது.

சூப்பிரண்டு தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"சாயங்காலம் ரயிலவிட்டு எறங்கி வருவேன். செருப்பக் கழட்டுறதுக்குள்ள கேப்பா, 'இன்னிக்கு உங்க அர்த்தக்காரர் என்னா சொன்னாரு?' அப்பிடின்னு. நான் உங்களத் திட்டிக்கிட்டேதான் சார் சொல்லுவேன். அவ சிரிப்பா. அந்தக் கார்பன் கதைய அக்கம்பக்கமெல்லாம் போயிச் சொல்லிட்டு வந்தா. படுக்கையில விழுந்தப்புறமும் கேட்டா. நான் லீவுல இருக்கேன், புதுசுக்கு எங்க போறது? பழசையே மாத்தி மாத்திச் சொன்னேன். கண்டுபிடிச்சிட்டா. ஒருநாள் நானே ஒண்ணு இட்டுக்கட்டிச் சொன்னேன். 'இது அவரு சொன்னது இல்ல, நீங்க சொன்னது. நல்லாயில்ல'ன்னுட்டா."

ஹெட் கிளார்க் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க சார். அவ போயிட்டா. இதுக்கு என்னா அர்த்தம்?"

அர்த்தம் சார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஹெட் கிளார்க் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கிள்ளினேன். இந்தத் தடவை பேசச் சொல்லி.

"தெரியல சார்" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரி போனப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல. அதுக்கு முன்னால நான் இப்பிடியெல்லாம் பேசுற ஆளே கெடயாது. கர்த்தர்கிட்ட கேட்டேன், என்னாத்துக்கு இப்பிடிப் பண்ணீருன்னு. பதில் வரல. சரி, சின்னச் சின்னதாப் படிச்சிக்கிட்டே வந்தா பெருசும் ஒருநாள் புரியும்னுதான், கார்பனு, ரேடியேட்டரு, முந்திரிப்பழம்னு பாத்துக்கிட்டுக் கெடக்குறேன்."

"புரிஞ்சிதா?"

"இல்ல சார். ஆனா கேக்குறத விடல. நான் பாட்டுக்கு விட்டுட்டுப் போயி, அவரு சொல்ற அன்னிக்கி நான் வேற எங்கயாவது பாத்துக்கிட்டு இருந்துட்டேன்னா?"

சூப்பிரண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மனைவி போனதிலிருந்து அவர் அழவேயில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். நாங்கள் சுவரையும் கூரையையும் பார்த்தோம். அர்த்தம் சார் மட்டும் எழுந்து நேராக அடுக்களைக்குள் போனார்.

அந்த வீட்டு அடுக்களைக்குள் வெளியாள் கால் வைத்ததில்லை, அதிலும் வேறு வேதக்காரர். ஹெட் கிளார்க் திகைத்து எழுந்தார். சூப்பிரண்டு கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. "சக்கர எங்க சார் இருக்குது?" என்று குரல் வந்தது. "தெரியல சார், அவளுக்குத்தான் தெரியும்" என்றார் சூப்பிரண்டு.

எப்படியோ தம்ளர்கள் வந்தன. ஒரு வாய் குடித்த சூப்பிரண்டு, அலுவலக முகம் லேசாகத் திரும்ப, நிமிர்ந்தார். "சார், இது காப்பி இல்ல."

"பில்டர் எறங்குற வரைக்கும் பொறும இல்ல சார். தூளத் தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சிட்டேன். இதுல ஒரு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, என் கையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றார் சூப்பிரண்டு.

"துக்கமும் இப்பிடித்தான் சார். சொட்டுச் சொட்டாத்தான் எறங்கணும். சீக்கிரம் ஆவட்டும்னு கொதிக்க வெச்சா வாயில வெக்க முடியாது."

சூப்பிரண்டு தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது அவளுக்குப் புடிச்சிருக்கும்" என்றார். பிறகு அந்தக் கஷாயத்தை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் குடித்ததால் நாங்களும் குடிக்க வேண்டியதாயிற்று.

சூப்பிரண்டு வேலைக்குத் திரும்பினார். ஆபீஸில் எதுவும் மாறவில்லை. "டைப் அடிங்க சார், பேசாதீங்க" என்று பழையபடி அதட்டினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் அர்த்தம் சார் சிதம்பரம் ரயிலைப் பிடிப்பதை ஊரே பார்த்தது. அங்கே இவர் அர்த்தம் சொல்வார், அவர் மறுத்துப் பேசுவார். சில சமயம் தேவாரத்திலிருந்து அவரும் பதிலுக்கு ஒன்று எடுத்துவிடுவார். மாலையில் இருவரும் வீதியில் நடப்பார்கள். விபூதி ஒரு பக்கம், வெள்ளைச் சட்டை ஒரு பக்கம், நடுவே முடியாத வழக்கு. காப்பியை மட்டும் சூப்பிரண்டே போட்டாராம்.

சில வருடங்களில் அர்த்தம் சாருக்கு மேற்கே எங்கோ மாற்றல் உத்தரவு வந்தது. அதை ரத்து செய்யச் சொல்லி சூப்பிரண்டு சென்னை வரை போய்க் கெஞ்சினார். தன் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவர். நடக்கவில்லை. புது டைப்பிஸ்ட் வந்தார். நல்ல வேகம், பிழையே கிடையாது, ஒரு வார்த்தை வீண் பேச்சு இல்லை. சூப்பிரண்டு எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆள்.

அந்த ஐப்பசியில் ஆபீஸ் கூரை ஒழுகி, சரியாக டைப் மேஜை மேல் சொட்டியது. நாங்கள் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தோம். சூப்பிரண்டும் தம் அறை வாசலுக்கு வந்து நின்றார். புது ஆள் எங்களை ஒருமுறை பார்த்தார், மிஷினைத் தள்ளி வைத்தார், சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்தார், வேலையைத் தொடர்ந்தார்.

அதற்கப்புறம் கடலூரில் மழை பெய்தால், மழை மட்டும்தான் பெய்தது.