ஊசல் கண்ட பீடை

அந்த ஆண்டு ஓஹையோவின் ஸ்டார்லிங்டனில் எஃகு ஆலைகள் இரும்பை உருக்கின. புரொஃபசர் ஆல்டமாண்ட் ஊரை உருக்கினார்.

எங்கள் பேஸ்பால் அணிக்கு ஹேமர்ஸ் என்று பெயர். சம்மட்டி. பல ஆண்டுகளாக அந்தச் சம்மட்டியால் ஓர் ஆணியைக்கூட அடிக்க முடியவில்லை. லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணிக்குப் பருவத்தின் முடிவில் வெற்றிக்கொடி தருவார்கள். எங்கள் மைதானத்துக் கொடிக்கம்பமோ மொட்டையாகவே நின்றது. புறாக்கள் மட்டும் அதில் உட்கார்ந்து தங்களால் ஆன மரியாதையைச் செய்துவந்தன.

அப்படிப்பட்ட அணி அந்த வசந்தத்தில் திடீரென்று ஜெயிக்கத் தொடங்கியது. காரணம் இல்லாமல் இல்லை. பந்தெறியும் நல்ல பிட்சர்கள் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கஸ் ஹான்லன், எந்த மட்டைக்காரனுக்கு எங்கே எறிந்தால் திணறுவான் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். மைதானத்தின் இடது மூலையைக் காக்க எமில் வாஷ்கோ வந்திருந்தான். ஸ்லோவாக்கியத் தெருப் பையன். உலைக்களத்தில் மண்வெட்டி பிடித்து உரமேறிய தோள். அவன் மூலையிலிருந்து எறிந்தால் பந்து வழியில் எங்கும் நின்று இளைப்பாறாது.

ஆனால் இவையெல்லாம் ஒரு காரணமா? உழைத்தார்கள், ஜெயித்தார்கள் என்றால் அதில் என்ன சுவை? ஊருக்கு ஓர் அற்புதம் தேவைப்பட்டது. தேவை இருக்கும் இடத்துக்குச் சரக்கு வராமல் இருக்குமா? ரயிலேறி வந்து இறங்கிவிட்டது.

கறுப்பு அங்கி, கூர் தாடி, கையில் குதிரைமுடியில் கட்டிய பித்தளைக் குண்டு. அதுதான் ஊசல். எகிப்தில் கற்ற வித்தை என்றார் புரொஃபசர். எகிப்துக்காரர்களுக்கு பேஸ்பால் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊசல் வலப்பக்கம் சுழன்றால் அதிர்ஷ்டம். இடப்பக்கம் சுழன்றால் பீடை. மட்டை மீது ஆட்டினார், கையுறை மீது ஆட்டினார், தண்ணீர் வாளி மீதுகூட ஆட்டினார். அணி ஜெயித்தது. நேற்றுவரை ஜெயித்துக்கொண்டிருந்த அணிதான். ஆனாலும் இன்று ஜெயித்தது ஊசலால்.

நடுவே தோற்றால்? "மேற்கு வரிசையில யாரோ வெயில்ல குடை விரிச்சிட்டாங்க. நான் என்ன பண்றது?" என்பார். குடை விரித்தவரைத் தேடிக் கூட்டம் கிளம்பும். ஜெயித்தால் ஊசல், தோற்றால் ஊர். இப்படியொரு தொழில் கிடைத்தால் யார்தான் எகிப்துக்குத் திரும்பிப் போவார்கள்?

மைதான வாசலில் வியாபாரம் களைகட்டியது. ஊசல் கட்டிய குதிரைமுடியில் ஓர் இழை, சின்னச் சிவப்புப் பையில். அத்தனை பைக்கும் முடி தந்தது ஒரே குதிரையென்றால் அது குதிரையல்ல, காடு. ஆலைத் தொழிலாளி இருமும் குழந்தையின் தலையணைக்கடியில் அதை வைத்தான். வங்கி மேலாளர் பெட்டகச் சாவியோடு கோத்துக்கொண்டார். மூடநம்பிக்கையைக் கண்டித்து ஞாயிறுதோறும் முழங்கிய பாதிரியார் கைக்குட்டையை எடுத்தபோது அவர் பையிலிருந்தும் சிவப்பாக ஒன்று விழுந்தது.

அணியின் முதலாளி கொர்னீலியஸ் பிராண்ட். பன்றி இறைச்சி சாசேஜ் செய்து பணக்காரர் ஆனவர். ஒரு சாசேஜுக்குள் என்ன போகிறது என்று துல்லியமாக அறிந்த மனிதர், தம் தலைக்குள் என்ன போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. புரொஃபசருக்கு ஆட்டக்காரர்கள் பக்கத்திலேயே மெத்தை நாற்காலி போட்டுக்கொடுத்தார்.

எமில் மட்டும் பை வாங்கவில்லை. புரொஃபசரே அவன் முன்னால் ஒன்றை நீட்டினார்.

"கழுத்துல போட்டுக்க தம்பி. தோள் பலமாகும்."

"வேணாங்க. தோளு எங்கப்பா குடுத்தது. இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். புரொஃபசரும் சிரித்தார், பல் தெரியாமல்.

ஆகஸ்ட் வந்தது, வெயில் கொளுத்தியது. ஒரு பிட்சருக்கு விரல் நகம் பெயர்ந்தது. இன்னொருவருக்கு ஓய்வில்லாமல் எறிந்து கை வீங்கியது. அணி தோற்றது. மறுபடி தோற்றது. இரண்டாம் இடத்து அணி பின்னாலேயே வந்து மூச்சுவிட்டது. இந்தமுறை குடைக்கதை எடுபடவில்லை. "பையைத் திருப்பி எடுத்துக்கோ, காசைக் குடு" என்று வாசலில் சிலர் கத்தினார்கள்.

மறுநாளே புரொஃபசர் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஊசலைப் பிடித்தார். வலம், வலம், வலம். எமில் முன்னால் வந்ததும் குண்டு நடுங்கியது, தயங்கியது, பிறகு இடப்பக்கம் சுழன்றது.

"பீடை!" என்றார் புரொஃபசர். "இவன் இருக்கறவரைக்கும் கொடி இல்லை. கல்லுச்சுவருக்குப் பின்னால ஒளிஞ்சாலும் என் ஊசல் இவனைக் காட்டிக்கொடுக்கும்!"

அவ்வளவுதான். நகம் பெயர்ந்தது எமிலால். வெயில் அடித்தது எமிலால். ஆலையில் சங்கிலி அறுந்ததும் எமிலால். அவன் ஓடி வந்தால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினார்கள். ரொட்டிக்கடைக்காரி திருமதி ஓல்சன், எமிலின் மனைவி ஸ்டென்கா கடைக்குள் கால் வைக்கக்கூடாதென்று ரொட்டியைப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஸ்டென்கா நிறைமாதக்காரி, குனிந்து எடுக்க முடியாமல் நின்றாள். உள்ளேயிருந்து ஜன்னலின் நான்கு கண்ணாடிகள் வழியாக நான்கு பேர் பார்த்தார்கள். நான்கு பேரும் தேவாலயத்தில் முன்வரிசைக்காரர்கள். ஒருநாள் மத்தியானம் எமில் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. சூப்புக்குள் ஒரு கல்.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. எமில் பந்தை நழுவவிட ஆரம்பித்தான்.

காலைப் பயிற்சியில் கஸ் அவனைத் தனியே இழுத்துப்போனார்.

"என்னடா ஆச்சு? கண்ணை மூடிக்கிட்டுப் பிடிப்பியே, அந்தப் பந்துடா அது!"

"பந்து வர்றப்ப பந்தைப் பாக்க மாட்டேங்குறேண்ணே. என் கையைப் பாக்குறேன். இதுல என்னமோ இருக்கோன்னு தோணுது."

"என்ன இருக்கு? அஞ்சு விரல் இருக்கு."

"ஊரே சொல்லுதேண்ணே. ஒருவேளை நெசமா இருந்துட்டா? நாளைக்குப் புள்ளை பொறந்து, அதைத் தூக்கவே பயமா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

கஸ் பலமுறை முறிந்து கோணிய தன் விரல்களை அழுத்தமாக மடக்கினார். பிறகு நேரே முதலாளியின் அறைக்குப் போனார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் மறுநாள். எங்கள் ஊரில், இரண்டாம் இடத்து அணியோடு. ஜெயித்தவருக்கே கொடி. எமிலை ஆட்டத்திலிருந்து நீக்கும் உத்தரவு பிராண்டின் மேசைமேல் தயாராக இருந்தது.

"முதலாளி, ஊசல்மேல உங்களுக்கு முழு நம்பிக்கைதானே?" என்று கேட்டார் கஸ்.

"என்னய்யா கேள்வி இது? என் தாய்மேல இருக்கற நம்பிக்கை."

"அப்ப ஊர் முன்னாடி ஒரு சோதனை வைப்போம். ஆறு நாற்காலி. ஆறு பேர். தலையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஓட்டல் படுக்கை விரிப்பால மூடிடுவோம். அதுல எமில் யாருன்னு ஊசல் காட்டட்டும். காட்டிடுச்சுன்னா எமில் போகட்டும், கூடவே நானும் போறேன்."

"கல்லுச்சுவரே தடையில்லைன்னாரு. துணி எம்மாத்திரம்?"

"அந்த ஆறு பேர்ல நீங்களும் ஒருத்தரா உக்காரணும். ஒரே ஒரு நிபந்தனை. நீங்க எமிலோட ஷூவைப் போட்டுக்கணும். அவன் உங்க ஷூவைப் போட்டுக்குவான். புரொஃபசர்கிட்ட மூச்சுவிடக்கூடாது."

பிராண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட மடையா! ஊசல் என்ன ஷூவைப் பாத்தா சுத்துது? கொண்டா அதை!"

இங்கே அவருக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும். நம்பியதை நேர்மையாக நம்பினார். வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. கூரையில் ஆள், விளம்பரப் பலகையில் ஆள், கொடிக்கம்பத்திலும் ஒருவன். புறாக்கள் இடம் மாறியிருந்தன. புல்வெளி நடுவே ஆறு வெள்ளை மூட்டைகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. ஆறு ஜோடி ஷூக்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இதுல எமில் இருக்கான் புரொஃபசர். கண்டுபிடிங்க" என்றார் கஸ்.

புரொஃபசரின் பார்வை தரையோரமாக ஒரு ஓட்டம் ஓடியது. ஐந்தாம் நாற்காலியின் கீழே ஆணி வைத்த ஆட்ட ஷூ. ஒன்றில் கறுப்பு நாடா, மற்றதில் நாடாவுக்குப் பதில் வெள்ளைச் சணல். எமில் வாரக்கணக்கில் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தான். புரொஃபசர் முகத்தில் ஆனந்தம் மலர்ந்தது. எகிப்து பேசத் தொடங்கியது.

முதல் இரண்டு மூட்டைகளுக்கு ஊசல் சாதுவாக வலம் வந்தது. மூன்றாவதன் கீழே பளபளக்கும் பழுப்புத் தோல் ஷூ. ஊரில் அப்படியொரு ஜோடி ஒருவருக்குத்தான் உண்டு. புரொஃபசர் முதலாளியின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். காலி. ஊசல் வலப்பக்கம் சக்கரமாகச் சுழன்றது.

"ஆஹா! என்ன யோகம்! இவர் தொட்டதெல்லாம் தங்கம்! இந்த அணியைத் தாங்கற தூணே இவர்தான். இவர் இல்லைன்னா கொடி இல்லை, எழுதி வச்சுக்குங்க!"

நான்காவதைப் பெயருக்குத் தாண்டி ஐந்தாவதன் முன் வந்தார். குண்டு இடப்பக்கம் சீறியது.

"இதோ! இவன்தான்! இந்தப் பீடையை ஊரை விட்டே வெரட்டுங்க! இவன் மூச்சுப்பட்ட பால் திரியும், தொட்ட மாமிசம் அழுகிப்போகும்!"

கூட்டம் "ஓ!" என்று உறுமியது. ஐந்தாம் மூட்டை எழுந்து நின்றது.

"என்னய்யா அழுகிப்போகும்?" என்றது. "என் சாசேஜா?"

விரிப்பு கீழே விழுந்தது. முகம் சிவந்து, அளவு பற்றாத ஷூவில் கால் வலிக்க, கொர்னீலியஸ் பிராண்ட் நின்றார். கஸ் மூன்றாம் நாற்காலிக்குப் போய் விரிப்பை உருவினார். அணியைத் தாங்கும் தூண் எமில் வாஷ்கோ முதலாளியின் ஷூவுக்குள் திருதிருவென்று விழித்தான்.

மைதானமே புரொஃபசர் பக்கம் திரும்பியது.

புரொஃபசர் தொண்டையைச் செருமினார். "சந்தேகப்படற ஆளுங்க பக்கத்துல இருந்தா ஊசல் தடுமாறும். இந்த கஸ் நிக்கிறான் பாருங்க, அதான்..."

"அப்படியா? எமிலைப் பீடைன்னு சொன்ன அன்னிக்கும் அவன் பக்கத்துலதானே நின்னேன்? அன்னிக்கு மட்டும் ஊசல் எப்படித் தடுமாறல?" என்றார் கஸ். "சரி, போகட்டும். நான் வெளிய போயிடறேன். இவங்க மறுபடியும் இடம் மாறி உக்காரட்டும். உங்க கண்ணை மட்டும் கட்டிடறோம். சுத்தப்போறது ஊசல்தானே? அதுக்கு உங்க கண்ணு எதுக்கு?"

நியாயமான கேள்வி. புரொஃபசரும் நியாயமான பதிலையே சொன்னார்: ஓடினார். கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது மூலைக் கதவை நோக்கி. பிராண்ட் நொண்டி நொண்டித் துரத்தினார். மேற்கு வரிசையிலிருந்து சிவப்புப் பைகள் மழையாகப் பொழிந்தன. கூடவே சில குடைகளும். ஆள் இதற்குமுன் வறண்டுபோன கான்சாசில் மழை விற்றவர் என்று பின்னால் தெரியவந்தது. அங்கும் ரயிலைப் பிடிக்க இப்படித்தான் ஓடினாராம்.

ஆட்டம் தொடங்கியது. எமில் தன் ஷூவைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு தன் மூலைக்குப் போனான். முதலில் வந்த பந்தைப் பிடித்தான். கை கையாகத்தான் இருந்தது. கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஓட்டம் முன்னால். எதிரணி அடித்த பந்து இடது மூலைக்கு எகிறியது. அவர்கள் ஆள் சமன் செய்யும் ஓட்டத்துக்குப் பாய்ந்து வந்தான். எமில் துள்ளி வந்த பந்தை எடுத்து எறிந்தான். பந்து புல்லுக்கு மேல் நேராக வந்து கஸ் கையில் அறைந்தது. சறுக்கி வந்தவனைக் கஸ் அந்தப் பந்தால் தொட்டார். புழுதி அடங்கியதும் நடுவர் கட்டைவிரலை உயர்த்தினார். ஆள் அவுட். கொடி எங்களுடையது.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் விற்றவனைப் பற்றி எழுதிவிட்டு நானே ஒரு பொய் சொல்லலாமா?

"ஊசல் பொய் சொல்லலப்பா. பீடை எமிலை விட்டு முதலாளிமேல தாவிடுச்சு, அதனாலதான் ஜெயிச்சோம்" என்றார் வங்கி மேலாளர். சனிக்கிழமை சாசேஜ் விற்பனை பாதியாக விழுந்தது. ரொட்டிக்கடைக்காரி திருமதி ஓல்சன் பெரிய கேக்கோடு எமில் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"கண்ணு ஸ்டென்கா, உன் வீட்டுக்காரர் தொட்டா தங்கமாமே! ஒரே ஒருதடவை வந்து எங்க அடுப்பைத் தொடச் சொல்லேன்!"

அதற்குள் பிறந்துவிட்ட கைக்குழந்தையோடு நின்ற ஸ்டென்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரொட்டி வேகணும்னா அடுப்புல நெருப்பைப் போடுங்கம்மா. என் புருசன் கையைப் போட்டு என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கொடி ஏற்றிய நாளன்று ஒரு கூட்டம் கஸ்ஸைச் சூழ்ந்துகொண்டது. எல்லார் கையிலும் கத்தரிக்கோல்.

"கஸ் அண்ணே, அந்தப் படுக்கை விரிப்பு ராசியான துணியாமே? ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுங்கண்ணே!"

கஸ் அவர்களை ஒரு சுற்று பார்த்தார்.

"ஏன்யா, கையை வச்சு எறியறோம். காலை வச்சு ஓடறோம். கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை மட்டும் தொப்பி மாட்டவா வச்சிருக்கீங்க?"