பெனால்டியில் தொடங்கி லிஃப்டில் நின்ற விவகாரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பயிற்சிக்குப் போன ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் மீட்டிங் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமனாருக்கும் எனக்கும் நடந்ததைப் பற்றி அவர் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நான் என் பக்கம் பேசப்போவதில்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்துக் காலமெல்லாம் அறிக்கை எழுதியவன் நான். கயிறு தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்று எழுதுவேனே தவிர, கயிற்றின் மேல் கோபப்பட மாட்டேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

நீ இல்லாமல் அவர்கள் வீடு வெறிச்சென்று இருக்குமென்று அம்மாதான் சம்பந்தி வீட்டாரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வேலையாம், வரவில்லை. டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் கோலுக்குப் பக்கத்தில் விழுந்தான். நான் சும்மா, காற்று வாங்குகிற மாதிரி, "தானா விழுந்துட்டான்" என்றேன். உன் மாமனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், ரெஃப்ரியாக விசில் ஊதியவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கருத்துச் சொல்ல ஒருவனுக்கு உரிமை கிடையாதா? "சம்பந்தி, அது பச்சையான பெனால்டி. கால் எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?" என்றார். "பார்த்தேன். அவன் கால் அவன்கிட்டயேதான் இருந்துச்சு" என்றேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் சமாதானமாகிவிடும் என்று நினைத்தேன். சூப்பை வாயில் வைக்கும் முன்பே உன் மாமனார் உப்பை எடுத்துக் கொட்டினார். "ருசி பார்த்துட்டுப் போடலாமே" என்றேன். "அனுபவத்துலதான் போடறேன்" என்றார். அம்மா முகம் சுண்டிப்போயிற்று. விருந்தாளி மனம் நோகக்கூடாதே என்று, "உண்மையிலேயே உப்பு கம்மிதான்" என்று நான் அவருக்காகப் பரிந்து பேசினேன். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பேச்சை மாற்றுவதற்காகச் செய்திக்குப் போனோம். கடைத்தெருவில் வண்டிகளே வரக்கூடாது என்று நகரசபை தீர்மானம் போட்டிருக்கிறதல்லவா, உன் மாமனார் "நல்லதுதான், ஜனங்க நடக்கட்டும்" என்றார். "அப்ப மூட்டையை யார் தூக்கறது?" என்று நான் கேட்க, இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேச, உன் மாமியார் மெதுவாக, "நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போய் எத்தனை வருஷம் ஆகுது?" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்தோம். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒன்றாக இருந்தோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். உருளைக்கிழங்கு வறுவலைப் போட்டுக்கொண்டே உன் மாமனார், "இந்தக் காலத்துல வேலை வேலைன்னு பொண்ணுங்க ஊர் ஊராச் சுத்துதுங்க, வீடு எப்படி வீடா இருக்கும்?" என்றார். பொதுவாகச் சொன்னாரோ, உன்னைச் சொன்னாரோ, எனக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணு ஊருக்குப் போயாவது வேலை பார்க்கறா. உங்க பையன் மேல சட்டையும் டையும், கீழ அரை டவுசருமா வீட்டுல உக்காந்து மீட்டிங் பேசறாரே, அது என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. "கிளம்பு" என்று உன் மாமியாரிடம் சொன்னார். ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை தங்கமானவர், அவரை இழுத்திருக்கக் கூடாது. வழியனுப்புகிற சாக்கில் சமாதானம் சொல்லலாம் என்று நானும் லிஃப்டில் ஏறினேன். உன் மாமியார் எங்கள் இருவரையும் பார்த்தார், "நான் படியிலயே வரேன்" என்றார். அம்மாவும் அவரோடு இறங்கினாள்.

கதவு மூடியதும் நான் ஆரம்பித்தேன். "சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. டவுசர் விஷயம் தப்புதான். ஆனா அது பெனால்டி இல்ல." கடைசி வாக்கியம் தேவையில்லைதான், பேச்சு வந்த வேகத்தில் வந்துவிட்டது. "இல்லையா? காட்டறேன் பாருங்க!" என்று ஒரு காலை மடித்து, இன்னொரு காலை வீசி, டிஃபென்டர் எப்படிச் சறுக்கிக்கொண்டு வந்தான் என்று செய்தே காட்டினார். அந்த வயதில் அந்த வேகம் பாராட்டப்பட வேண்டியதுதான். உதை கதவில் விழுந்தது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. கதவில் அடி விழுந்தால் லிஃப்ட் நின்றுவிடும். அது அதன் குறை அல்ல, குணம். மணியை அழுத்திவிட்டுத் திரும்பினால், உன் மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "மூச்சு முட்டுது" என்றார்.

மகளே, அப்போது பயந்தேன். காற்று வரும், ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பேச வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சொல்லித்தருவது. எதைப் பேசுவது? பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களை மாதிரி ரெஃப்ரிங்களாலதான் கால்பந்தே கெட்டுப்போச்சு" என்றேன். மனிதர் தலையைத் தூக்கினார். "என்ன சொன்னீங்க?" அப்புறம் பெனால்டி, ஆஃப்சைடு, சூப்பில் உப்பு, நகரசபை, சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா, காபிக்குச் சர்க்கரை முன்னாலா பின்னாலா என்று எல்லாவற்றுக்கும் நான் எதிர்ப்பக்கம் பேசினேன். சிலவற்றில் எனக்குக் கருத்தே கிடையாது. அவருக்கு வேர்வை நின்று, குரல் ஏறியது. நடுவில் ஒரு தடவை சட்டென்று நிறுத்தி, "வீட்டுல எது சொன்னாலும் எல்லாரும் 'சரிப்பா'ன்னு போயிடறாங்க சம்பந்தி. 'தப்பு'ன்னு சொல்லக்கூட ஆள் இல்ல" என்றார். "அதுவும் தப்பு" என்றேன். சிரித்துவிட்டார். உன்னைப் பற்றியும் சொன்னார்: "அவ வீட்டுல இல்லன்னா பேச்சுத்துணையே இல்ல. அதைத்தான் அப்படி உளறிட்டேன்."

கதவு திறந்தது. மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று அதட்டினேன். "நான் வந்து ரொம்ப நேரமாச்சு சார். அம்மாங்க ரெண்டு பேரும், 'உள்ள சண்டைச் சத்தம் கேக்குது, நல்லாத்தான் இருக்காங்க, டீ குடிச்சிட்டு மெதுவா பாரு'ன்னாங்க" என்றார். உன் அம்மாவும் மாமியாரும் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சம்பந்திகள் என்பவர்கள் தூரத்தில் இருந்தால்தான் மரியாதை. இனிமேல் விசேஷங்களில் "சௌக்கியமா" என்று நான் கேட்பேன், "சௌக்கியம்" என்று அவர் சொல்வார், அதோடு சரி. எதைப் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை. நீ கவலை இல்லாமல் பயிற்சியை முடி. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உனக்கும் அவருக்கும் எல்லா நலமும் கூடிவர அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் அன்புள்ள,
அப்பா

பின்குறிப்பு: நம் எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அடுத்த மாதம் உன் மாமனாரும் மாமியாரும் அங்கே குடிவருகிறார்கள். வீடு காலியாகப் போகிறது என்று அவருக்கு யார் சொன்னது என்று அம்மா வீட்டையே ரெண்டு பண்ணிக்கொண்டிருக்கிறாள். உன்னைக் கேட்டால், உனக்கும் தெரியாது என்று சொல்லிவிடு. லிஃப்டில் பேச்சுக்குப் பேச்சு வந்தபோது நான்தான் சொன்னேன்.