அணு ஒப்பந்தமும் அத்தானும்

மதிப்பும் பாசமும் நிறைந்த அக்கா தங்கபுஷ்பம் அவர்களுக்கு, தி. நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து தம்பி சண்முகசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மதுமதியும் நம் ஜவுளிக்கடையும் சௌக்கியம். அத்தானைப் பற்றி மட்டும் அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால் இந்தக் கடிதம்.

நீ டெல்லியிலிருந்து போனில் போட்ட உத்தரவு மறக்கவில்லை. "அணுகுண்டு சோதனையே கூடாதுங்கிற ஒப்பந்தம் சபைக்கு வருது. அதை ஆதரிச்சா உங்க அத்தானைத் துணை மந்திரி ஆக்குவாங்கன்னு பேச்சு. மனுஷன் முடிவெடுக்கத் தெரியாம உன்கிட்ட கிளம்பி வர்றாரு. தலையாட்ட வச்சு அனுப்புடா" என்றாய். ஆட்ட வைக்க முடியவில்லை, அக்கா. எப்படி என்று எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டு.

வந்த அன்றைக்கே அத்தான் முகம் சரியில்லை. இத்தனை வருஷமாக எம்.பி.யாக இருக்கிறார், கட்சி கை தூக்கச் சொன்னால் தூக்குவார், எழுந்து வெளியே போகச் சொன்னால் போவார், ஒரு தடவை எதற்காக வெளியே வந்தோம் என்பதையே கேன்டீனில் டீ குடிக்கும்போதுதான் விசாரித்தாராம். இப்போது பார்த்து அவர் தலைவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். "மாப்ளே, மனசாட்சியை நான் எங்கடா போய்த் தேடுவேன்?" என்றார் அத்தான். சரி, நம் தொழில் எதற்கு இருக்கிறது என்று நான் ஒரு திட்டம் போட்டேன். மட்டமான புடவையை முதலில் காட்டி, விற்க வேண்டியதை அப்புறம் காட்டினால் வந்தவர்கள் தானாக எடுத்துக்கொண்டு போவார்கள் இல்லையா, அதே மாதிரி, ஒப்பந்தம் வேண்டாம் என்கிற அரைகுறை ஆசாமி ஒருவரை முதலில் காட்டிவிட்டு, வேண்டும் என்கிற படித்தவரிடம் கூட்டிப்போவது என்று.

அரைகுறைக்கு நான் பிடித்தது கோடம்பாக்கம் ஏகாம்பரத்தை. சினிமாவில் குண்டு வெடிக்கிற காட்சிக்கு மருந்து வைப்பவர், நம் கடை வாடிக்கைக்காரர். "வெடிச்சுப் பாக்காத குண்டு இன்னா குண்டு சார்? சோதனை பண்ணாதன்னா, அது கீதா இல்லியான்னு எவனுக்குத் தெரியும்? பெரிய நாட்டுக்காரனுங்க மட்டும் வெடிச்சுப் பாத்துட்டு ஜாலியா குந்திக்கினு கீறானுங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மட்டமான புடவை இப்படிப் பளபளக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அத்தான் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "உங்க புருவம் ரெண்டும் எங்க?" என்றார். "அதுவா, ஒருவாட்டி சோதனை பண்றப்போ பூட்சி சார்" என்றார் ஏகாம்பரம். வண்டியில் திரும்பும்போது அத்தான் தன் புருவத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மயிலாப்பூரில் ஸ்ரீரங்கன் சார் வீடு. அணுமின் நிலையத்தில் எஞ்சினீயராக இருந்து ரிடையரானவர். "கையெழுத்துப் போட்டுடணும். உலகத்துக்கு அதான் க்ஷேமம்" என்று அவர் தொடங்கியதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டாவது காபி வரும்வரைதான். "ஆனா ஒண்ணு பாருங்கோ, அவாள்லாம் குவிச்சு வச்சுண்டு நம்மள மட்டும் தொடாதேங்கறது என்ன நியாயம்?" என்று எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து மறுபடி "ஆனா" சொல்லித் திரும்பி வந்தார். அவர் சம்சாரம் விஜயலக்ஷ்மி மாமி டம்ளரை எடுக்க வந்தவர், "ஆத்துக்கு ஒரு மிக்ஸி வாங்கறதுக்கே வருஷக்கணக்கா யோசிச்சவர் இவர். போயும் போயும் இவராண்டயா கேக்க வந்தேள்?" என்றார்.

நேற்று நடந்ததைத்தான் உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடையில் முகூர்த்தக் கூட்டம். அத்தான் பட்டுப் பிரிவு மெத்தையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஃபேக்ஸில் வந்த ஒப்பந்தத்தை டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணோடு வந்த ஒரு அம்மா, கடை ஆள் என்று நினைத்து, "அந்த மயில்கழுத்துக் கலரை எடுங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டாள். நான் பதறி ஓடுவதற்குள் அத்தான் ஒப்பந்தத்தைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு புடவையை உதறினார் பாரு, முந்தானை அந்தப் பெண்ணின் மடியில் போய் அப்படியே விழுந்தது. அப்பா காலத்தில் அவர் அந்த மெத்தையில் புடவை விரித்துப் போட்டவர்தான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நீ மறந்திருக்க மாட்டாய், அங்கேதானே அவரைப் பார்த்தாய்.

புடவையை விற்று அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மட்டமான சரக்கை முதல்ல காட்டணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தது யாருடா?" "நீங்கதான் அத்தான்." எனக்குத் தலை நிமிரவில்லை. அவருக்குக் கோபமில்லை. "விலை கேக்காம புடவை எடுக்கிறவங்க ரெண்டே பேருதான் மாப்ளே. ஒருத்தன் பெரும் பணக்காரன். இன்னொருத்தன் அடுத்தவன் காசுல எடுக்கிறவன். இத்தனை வருஷமா நான் விலையே கேட்டதில்லடா. கட்சி சொல்லுச்சு, தூக்கினேன். இது நம்ம பேரன் பேத்தி தலையில விடியற சமாச்சாரம். இதுக்காவது கேக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படிக்க உட்கார்ந்துவிட்டார். அக்கா, எனக்குப் புல்லரித்துப் போச்சு. இந்த மனுஷனோடயா இத்தனை வருஷம் ஒரே பந்தியில் சாப்பிட்டோம் என்று வாய் பிளந்து நின்றேன். கடைசிப் பக்கம் வந்ததும் காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். புடவை எடுக்க வந்தவர்கள் ஜரிகையை அப்படித் தேய்த்துவிட்டால் மனசு முடிவாகிவிட்டது, அதற்குமேல் பேசுவதெல்லாம் சும்மா என்று நமக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரலை.

ஆகவே நீ போன் பண்ணி அவரைக் குழப்பாதே. அது ஆதரவாகவே இருக்கலாம், மந்திரி ஆசையை அடியோடு விட வேண்டாம். எதிர்ப்பாக இருந்தாலும் தலைவரே விட்டுவிட்ட விஷயம், கட்சியில் ஒரு கெடுதலும் வராது. மதுமதி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். திருச்செந்தூர் முருகன் உங்கள் இருவரையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அன்புத் தம்பி,
சண்முகசுந்தரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கட்சி ஆபீஸிலிருந்து போன். தலைவர் மனசு மாறிவிட்டாராம். மனசாட்சி ரத்து, எல்லாரும் வெளிநடப்பு, மீறினால் கட்சியில் இடமில்லை. அத்தான், "கேட்டுக்கிட்டேண்ணே, கேட்டுக்கிட்டேண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு விட்டுப்போச்சு. போனை வைத்துவிட்டு, தான் கட்டியிருந்த கட்சிக்கரை வேட்டியைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "மாப்ளே, கரை இல்லாத வேட்டி ஒண்ணு எடு. சபைக்குக் கட்டிட்டுப் போகணும்" என்றார். மந்திரி பதவியை மறந்துடு அக்கா, இருக்கிற பதவியே மிஞ்சுமான்னு தெரியலை. எடுத்துக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நம் கடையில் அவர் எதற்கும் காசு கொடுத்ததில்லை, நாமும் கேட்டதில்லை. வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "விலை என்ன?" என்று கேட்டார்.