நடுக் கட்டத்துப் பெரியவர்

படத்தின் நடுவில் தாக் பெரியவரின் முகம் மட்டும் கறுப்பு வெள்ளையாகக் கிடந்தது.

"அடப் பாவி மனுஷா! சம்பந்தி வீட்டுப் பெரியவரை உசுரோட சாவு வீட்டுப் படமாக்கிட்டீங்களே!" என்று கத்தினாள் சுன்னே.

அவள் புருஷன் பியோ, தேகு நகரில் முப்பது வருஷமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். மகனுக்குப் பெண் பேசி முடித்த வீட்டில் நாளைக்குப் பெரியவருக்கு எண்பதாம் பிறந்தநாள் விருந்து. குடும்பப் படம் என் பரிசு என்று வாயைக் கொடுத்தவரும் அவரேதான்.

"தாத்தாவுக்குக் கட்டம் கட்டமா வேணுமாம் மாமா. ஒண்ணு கலர், ஒண்ணு கறுப்பு வெள்ளை. அவரே கேட்டார்" என்றிருந்தாள் மணப்பெண் ஹேரிம்.

அந்த ஊரில் கறுப்பு வெள்ளை முகமென்றால் ஊதுபத்திக்குப் பின்னால் இருக்கிற முகம். அதைப் பார்த்தபிறகு எந்தக் கிழவன் பேத்தியைக் கொடுப்பான்?

"பதறாதே. கம்ப்யூட்டர்ல படத்துக்கு மேல கலரை உறிஞ்சுற ஒரு லேயர் இருக்கு. அதோட மாஸ்க்குல வெள்ளை இருக்கிற இடத்துல கலர் போகும், கறுப்பு இருக்கிற இடத்துல நிக்கும். அதைத் தலைகீழாத் திருப்பினா சரியாப் போச்சு."

திருப்பினார். பெரியவர் பிழைத்தார். இரண்டு பக்கமும் நின்ற அவருடைய மகனும் மருமகளும், ஹேரிமைப் பெற்றவர்கள், போய்ச் சேர்ந்தார்கள்.

"சம்பந்தியம்மாவே போயாச்சு! இனி கல்யாணத்தை யாருகிட்டப் பேசுறது?"

கட்டங்களைச் சின்னதாக்கினார். பெரியவருக்கு இடது கன்னத்தில் உயிர் இருந்தது. வலது கன்னத்தில் இல்லை.

"இழுத்துக்கிட்டுக் கிடக்கிறாப்ல இருக்கு."

"வாயை மூடுடி!"

ஆத்திரத்தில் பிரஷ்ஷை எடுத்து, மாஸ்க்கில் எல்லா முகங்கள் மேலும் பூசினார். கறுப்பைப் பூசினால் கலர் திரும்பியிருக்கும். பூசியது வெள்ளை. படத்தில் இருந்த பதினாறு பேரும் ஒரே மூச்சில் காலி.

கம்ப்யூட்டரை நம்பினவன் கதி வேறென்ன? கடைசியில் மாஸ்க் முழுக்கக் கறுப்பை அள்ளி அப்பினார். அத்தனை பேரும் கலரில் எழுந்து நின்றார்கள். கட்டம் மட்டும் மாயமாகியிருந்தது.

"கட்டம் போனாப் போகுது, சம்பந்தம் நிக்கட்டும்" என்றாள் சுன்னே. அப்படியே அச்சுப் போட்டார்.

மறுநாள், அடுக்கி வைத்த பழங்களுக்கும் அரிசிப் பலகாரங்களுக்கும் நடுவே படத்தைத் திறந்தார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஏன் சம்பந்தி, என் மூஞ்சி கறுப்பு வெள்ளையில எங்கே? நான் போனதும் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டிப் படையல்ல வச்சிக்கட்டும், இன்னொரு தடவை படத்துக்கு இளிச்சிக்கிட்டு உக்கார வேணாம்னுதானே கட்டமே கேட்டேன்!"