திரை போட்ட காரில் ஒரு சனிக்கிழமை

இந்தச் செப்டம்பரில் ஒரு உருளைக்கிழங்கைக்கூடத் தோண்டுவதில்லை என்று சபதம் எடுத்தேன். கல்யாணமான இருபத்திரண்டு வருஷமும் தோண்டியாயிற்று. மனிதனுக்கு ஒரு அளவு வேண்டாமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலமே இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ரிம்மா, தோட்ட வீட்டுக்கு நீ மட்டும் போயிட்டு வா. அந்த பஸ் குலுக்குற குலுக்கு என் இடுப்புக்குத் தாங்காது."

"பஸ்தான் பிரச்சினையா, வென்யா?"

"பஸ்ஸேதான். தோண்டுறதுக்கு நான் என்னைக்காவது மூஞ்சியச் சுளிச்சிருக்கேனா?"

"ஐயோ பாவம்" என்று என் மனைவி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

காலையில் அவள் பஸ் ஏறியதும் நான் புரோகோரின் மியூசியத்துக்கு ஓடினேன். பழைய டிராம் கொட்டகையில் ஐந்து சோவியத் லிமோசின்கள். லீவு கிடைத்தால் நான் அங்கேதான் கிடப்பேன் என்பது ஊருக்கே தெரியும். பத்து வருஷமாகக் கதவுப் பிடியைக்கூடத் தொட விடாத புரோகோர், அன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க தோழரே! இந்த ஸில் கார் வாரம் ஒரு தடவை ஓடலேன்னா ரப்பரெல்லாம் காஞ்சிடும். பின் சீட்ல ஏறுங்க, ஒரு சுத்து போவோம்."

"திரைய மூடிக்கலாமா?"

"பெரிய தலைங்க எல்லாம் மூடிக்கிட்டுத்தானே போனாங்க!"

நானே, என் கையாலேயே, எல்லாத் திரைகளையும் இழுத்து மூடினேன். சீட்டா அது? மெத்தை! குலுக்கலே இல்லை. வெளியே யார் கண்ணுக்கும் படாது என்று தெரிந்தும் திரையைப் பார்த்துக் கம்பீரமாகக் கையசைத்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது.

கார் நின்றது. கதவு திறந்தது. வெளியே சேறு. சேற்றில் இரண்டு ரப்பர் பூட்ஸ். அதற்குமேல் ரிம்மா.

"இடுப்பு குலுங்குச்சா?"

"இல்ல" என்று வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"அப்போ இறங்கு."

"ரிம்மா, காலப் பாரு! மியூசியத்துல ஷூவுக்கு மேல மாட்டிவிட்ட கம்பளிச் செருப்பு! அழுக்காயிடும்!"

"கழட்டி வச்சிட்டுத் தோண்டு."

புரோகோரைத் திரும்பிப் பார்த்தேன். பானெட்டில் சாய்ந்து ஊறுகாய் வெள்ளரி தின்றுகொண்டிருந்தான். "மன்னிச்சுக்கோங்க தோழரே. பள்ளிக்கூடத்துல இவளப் பாத்து எழுதித்தான் நான் பாஸானேன். ராத்திரி போன் பண்ணிக் கேட்டா. மாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

லிமோசினைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கார் அலுத்ததும் நான் தோண்டுவதைப் பார்த்தார்கள். எரிச்சலில் மண்வெட்டியையே கடித்திருப்பேன்.

சாயங்காலம் பத்து மூட்டை. டிக்கியில் நாலு, என் மெத்தை சீட்டில் ஆறு. ரிம்மா முன்னால் ஏறிக்கொண்டாள்.

"நான் எங்க உட்கார்றது?"

"இடமில்லையே வென்யா. ஆறரைக்கு ரயில் இருக்கு. சீக்கிரம் வந்துடு, மூட்டைய மாடிக்கு யாரு ஏத்துறது?"

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது.