ஊசி வேண்டாம் என்ற தீர்த்தகிரி

தன் வாய்க்குள் எவரும் ஊசி குத்தக் கூடாது என்று திருச்செங்கோட்டுத் தீர்த்தகிரி சபதம் போட்டிருந்தார். ஆயிரம் அடிக்குப் பூமியைத் துளைக்கிற போர்வெல் ரிக் வண்டிக்கு முதலாளி அவர். ஊசியைக் கண்டால் மட்டும் மனுசனுக்கு வேர்த்துக் கொட்டிவிடும். கடைவாய்ப் பல்லோ சொத்தை விழுந்து, கன்னம் போண்டா மாதிரி வீங்கிக் கிடந்தது. பல் டாக்டர் ரிஹானாவிடம் வேர் சிகிச்சைக்குப் போகச் சொல்லி மனைவி சத்யபிரியா விரட்டினாள். "போயிட்டு வாரேன்" என்று கிளம்பியவர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

"ஏனுங்க, என்ன பண்ணுனாங்க?"

பல்லின் வேரைச் சுத்தம் பண்ணுகிற முறை அவருக்கு என்ன தெரியும்? போர் சுத்தம் பண்ணத்தான் தெரியும். அதையே அளந்துவிட்டார்.

"பல்லுல ஓட்டை போட்டு, கம்பிய உட்டு, சேறெல்லாம் வழிச்சாங்க புள்ள. அப்பறம் கம்ப்ரசர வெச்சு ஊதுனாங்க பாரு, தண்ணி கூரை வரைக்கும் பீச்சிருச்சு!"

"கூரை வரைக்குமுங்களா!"

"டாக்டரம்மாவே நனைஞ்சுட்டாங்க."

சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊசி வலிச்சுதுங்களா?"

"ஊசியா? அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. வேண்டாம்னு சொல்லீட்டேன்."

"அடேங்கப்பா! எனக்கும் ஒரு பல்லு கூசுதுங்க. உங்களப் பார்த்துத் தைரியம் வந்திருச்சு. நாளைக்குத் துணைக்கு வாங்க."

துணைக்குத்தானே! மறுநாள் மீசையை முறுக்கிக்கொண்டு போனார்.

"தீர்த்தகிரி, உள்ளே வாங்க!" என்று குரல் வந்தது. அவர் வாசலைப் பார்த்தார். அங்கே அவரிடம் போர் போட்ட வெண்ணந்தூர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓடினால் மானம் போய்விடும். உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார்.

டாக்டர் ரிஹானா சிரித்தார். "முதல்ல மரத்துப்போக ஊசி. அப்புறம் மெல்லிய கம்பியால வேர்க்குழியைச் சுரண்டி, மருந்துத் தண்ணி விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவோம். கூரைக்கெல்லாம் போகாதுங்க."

தீர்த்தகிரி திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஊசி எதுக்குங்க டாக்டர்?" என்றாள் சத்யபிரியா. "அது சின்னப் பசங்களுக்குங்க. இவரு வேண்டாம்னு சொல்றவரு."

"அப்படியா?" டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பல் துளைக்கிற மெஷினை எடுத்தார். அது கொய்ங் என்று கத்தியது.

"ஐயோ சாமி! ஊசியப் போடுங்க! ரெண்டாவே போடுங்க!"

வெளியே வெண்ணந்தூர் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"நேத்துப் போன்ல இவரு பேரப் பதிஞ்சப்பவே நாஞ் சொன்னனே டாக்டர்," என்றாள் சத்யபிரியா, "அவரே கேட்டு வாங்கிக்குவாருன்னு."