அமெரிக்கக் குரலை என் வீட்டிலிருந்து அகற்றுதல்

காஜா பெராங், மலாக்கா
ஜப்பானியக் கணக்கில் 2603, ஆகஸ்டு 18 (பழைய கணக்கில் 1943)

மதிப்பிற்குரிய மைத்துனர் பொன்னுதுரை அவர்களுக்கு,

இங்கு நலமில்லை. அங்கு நலமா என்று கேட்க அவகாசமுமில்லை. என் குறைகள் வருமாறு:

1. ஆகஸ்டு 3: முப்பத்து நான்கு வயதான உங்கள் தம்பி கருணாகரன், "ரெண்டே நாளு அத்தான்" என்று பெட்டியோடு வந்தார்.

2. ஆகஸ்டு 9: என் குளியலறையில் அமெரிக்க ஆங்கிலம் பேசி, முடிவில் கழுதையாகக் கத்தினார்.

3. ஆகஸ்டு 14: பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வேலியோரம் வந்து, "சார், அமெரிக்காக்காரன் எப்ப வர்றானாம்? ரேடியோவுல சொன்னானா?" என்றார். என்னிடம் ரேடியோ கிடையாது.

4. ஆகஸ்டு 17: என் வீடு சோதனையிடப்பட்டது.

படக்கொட்டகையில் படம் ஓட்டிய உங்கள் தம்பிக்கு, ஜப்பானியர் ஆட்சியில் அமெரிக்கப் படங்கள் தடைசெய்யப்பட்டதிலிருந்து வேலையில்லை. ஆகவே ஹார்வி பிளண்டல் என்னும் நடிகரின் வாழ்க்கையை, அவர் குரலிலேயே, என் கூடத்தில் தினமும் நிகழ்த்துகிறார். அந்த பிளண்டல் பதினொரு படங்களில் முகம் காட்டி, பதினொன்றிலும் பத்து நிமிடத்துக்குள் சுடப்பட்டவர். பின்பு கேலிச்சித்திரப் படங்களில் ஒரு கழுதைக்குக் குரல் கொடுத்துப் புகழடைந்தவர். பன்னிரண்டாவது படத்திலாவது கடைசிவரை உயிரோடிருக்கவேண்டுமென்று படக்கம்பெனி முதலாளியிடம் மன்றாடியவர். சென்னையில் தத்துவம் பயின்ற எனக்கு இவை தேவையற்ற செய்திகள். தங்கள் தங்கை சாரதாம்பாளோ மரவள்ளிக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கண் கலங்குகிறாள்.

நேற்றுக் காலை எங்கள் தெருக் காவல் குழுத் தலைவர், மளிகைக்கடை இப்ராஹீம், வந்தார். "சார், ரேடியோ இருந்தா கையில குடுத்துருங்க. மிலிட்டரி போலீசு வந்தா உங்க தலையும் போவும், என் தலையும் போவும்" என்றார். அரிசிப் பானைவரை துழாவினார். அதில் அரிசியும் இல்லை. அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து கழுதை கத்தியது. "நான்தான் பாய் ரேடியோ" என்று உங்கள் தம்பி வெளியே வந்தார். இப்ராஹீம் நாற்காலியில் அமர்ந்தார். பிளண்டல் கதை தொடங்கியது; ஒரு மணி நேரம் எழவில்லை. எழுந்தபோது, "குரலுக்கும் தலைதான் சார் போவும். இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள இவர அனுப்பிருங்க, இல்லாட்டி நான் மிலிட்டரிக்கு எழுதிக் குடுக்கணும்" என்றார்.

ஆகவே உங்கள் தம்பியைக் கிளேபாங்கிலுள்ள உங்கள் வீட்டுக்கு எப்போது அழைத்துச் செல்கிறீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். தணிக்கைக்கு அஞ்சி இதை மீன்காரர் கூடையில் அனுப்புகிறேன். வாசனைக்கு நான் பொறுப்பல்ல.

குடும்பத்தார் அனைவருக்கும், தம்பி ஒருவர் நீங்கலாக, என் ஆசிகள்.

இங்ஙனம்,
மா. ராஜரத்தினம், பி.ஏ.

பி.கு.: உறையை ஒட்டும் வேளையில் இப்ராஹீம் மீண்டும் வந்தார். பன்னிரண்டாவது படத்தின் முதல் காட்சியில், ஆறு சுருள்களில் நான்கு ஓடியபோதுதான் மலாக்காவில் குண்டு விழுந்ததாம். மீதியைக் கருணாகரனே பார்த்ததில்லை. நீங்கள் சிங்கப்பூரில் முழுவதும் பார்த்தீர்களாம். முடிவு தெரியும்வரை உங்கள் தம்பி இங்கிருந்து நகரக்கூடாதென்று இப்ராஹீம் உத்தரவிட்டுள்ளார். பொன்னம்மாவும் வாசலில் நிற்கிறார். எனவே மேலே கண்டவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். பிளண்டல் சுடப்பட்டாரா, இல்லையா? ஆகஸ்டு 23, டோக்கியோ நேரம் காலை ஒன்பது மணிக்குள் எழுத்து மூலம் பதில் தேவை.